பாஸ் கையில இருக்கு, அப்புறம் எதுக்கு சீட்டுக்கு தனியா காசு? (யூரெயில் ரிசர்வேஷன் இழை)

12 ஏப்ரல் 2025, கேள்வி

அண்ணா, யூரெயில் குளோபல் பாஸ் வாங்கிட்டேன், ஐரோப்பாவுல பல நாட்டு ரயிலுக்கும் ஒரே பாஸ், ஒரு மாசத்துக்குள்ள ஏதாவது 7 நாள் போறது. நான், அப்பா, அம்மா மூணு பேர். ஜூன்ல பாரிஸ், சூரிச், இன்ஸ்ப்ரூக், வியன்னா, அங்கேர்ந்து நைட் ட்ரெயின்ல வெனிஸ், கடைசியா ரோம். இப்ப யூரெயில் ஆப்பை திறந்து பார்த்தா பாதி ரயிலுக்கு ரிசர்வேஷன் கட்டாயம்னு காட்டுது, அதுக்கு தனி காசு கேக்குது. இவ்ளோ காசு குடுத்து பாஸ் வாங்கினப்புறமும் சீட்டுக்கு காசு குடுக்கணும்னா பாஸ் எதுக்கு? ஏமாந்துட்டேனா? அப்பாவுக்கு 67 வயசு, நின்னுக்கிட்டு வர முடியாது.

12 ஏப்ரல் 2025, ராத்திரி 10.40

ஏமாறலை தம்பி. நம்ம ஊர் பழக்கத்துல டிக்கெட்னா சீட்டு, சீட்டுன்னா டிக்கெட், ரெண்டும் ஒரே பிஎன்ஆர்ல வரும். அங்க ரெண்டும் வேற வேற. பாஸை நம்ம சீசன் டிக்கெட் மாதிரி நினைச்சுக்கோங்க. தாம்பரம் பீச் சீசன் பாஸ் வச்சிருந்தா வண்டில ஏறலாம், உனக்குன்னு ஒரு சீட்டு எடுத்து வச்சிருக்க மாட்டாங்க இல்லையா, அதே கதைதான். பாஸ் குடுக்கறது ஏறுற உரிமை. சீட்டு வேணும்னா தனி.

அதுல மூணு வகை. ரிசர்வேஷனே வேண்டாத ரயில், வேணும்னா பண்ணிக்கலாம்ங்கற ரயில், பண்ணாம ஏறவே கூடாதுங்கற ரயில். இந்த மூணாவது வகை எங்க வருதுன்னு தெரிஞ்சுகிட்டா பாதி தலைவலி போச்சு. பிரான்ஸ்ல டிஜிவி, இத்தாலில ஃப்ரெச்சியாரோஸ்ஸா, ஸ்பெயின்ல ஆவேன்னு ஓடற அதிவேக ரயில், லண்டன் போற யூரோஸ்டார், எல்லா நாட்டு நைட் ட்ரெயினும் கட்டாயம். ஸ்விட்சர்லாந்துல உள்ளூருக்குள்ள ஓடுற சாதா ரயில் எதுக்குமே வேண்டாம். ஜெர்மனி, ஆஸ்திரியால பெரும்பாலும் உங்க இஷ்டம்.

நாங்க போனது 2024 மே மாசம். நான், மனைவி, 9 வயசு பொண்ணு, எங்க அம்மா. அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தகராறு. அதனால இந்த விஷயத்துல எனக்கு சொல்ல நிறைய இருக்கு, ஒவ்வொண்ணா எழுதறேன்.

13 ஏப்ரல் 2025, காலை

உங்க ரூட்டை பார்த்தேன். முதல் அவசரம் பாரிஸ் சூரிச். அது டிஜிவி லிரியா, பிரான்ஸுக்கும் ஸ்விட்சர்லாந்துக்கும் நடுவுல ஓடற டிஜிவி, ரிசர்வேஷன் கட்டாயம், இன்னிக்கே பாருங்க. அதுல பலபேருக்கு தெரியாத ஒண்ணு, பாஸ் வச்சிருக்கறவங்களுக்குன்னு குறிப்பிட்ட சீட்டுதான் ஒதுக்குவாங்க. அது முடிஞ்சா முடிஞ்சதுதான். ரயில்ல நூறு சீட்டு காலியா இருக்கும், முழு விலை டிக்கெட் வெப்சைட்ல வித்துக்கிட்டும் இருக்கும், ஆனா உங்களுக்கு இல்லைம்பாங்க. நம்ம ஊர் கோட்டா கணக்கை தெரிஞ்சவங்களுக்கு இது உடனே புரியும், ஆனா ஒரு வித்தியாசம், இங்க வெயிட்டிங் லிஸ்டும் கிடையாது ஆர்ஏசியும் கிடையாது, சார்ட் போட்டா கிடைச்சிரும்னு காத்திருக்கற வேலையே இல்லை.

எங்களுக்கு அதான் ஆச்சு. கிளம்பறதுக்கு அஞ்சு நாள் முன்னாடி பார்த்தேன், நாங்க போற நாள்ல எங்களுக்கு தோதா இருந்த மூணு வண்டிலயும் பாஸ் சீட்டு இல்லை. ரொம்ப லேட்டா பார்த்தது என் தப்பு.

13 ஏப்ரல் 2025, மதியம்

அப்புறம் எப்படி போனீங்கன்னு ரெண்டு பேர் கேட்டுட்டாங்க. சொல்றேன். பாரிஸ்ல கார் து லியோன் ஸ்டேஷன்ல இருந்துதான் லிரியா கிளம்பும். அதை விட்டுட்டு கார் து லெஸ்ட் ஸ்டேஷனுக்கு போனோம். அங்கேர்ந்து டிஇஆர்னு ஒரு பிராந்திய ரயில், ட்ருவா, ஷோமோன், வெசூல், பெல்ஃபோர் வழியா மியூலூஸ் வரைக்கும் போகும். ரிசர்வேஷன் கிடையாது, பாஸ் போதும். ஏறக்குறைய அஞ்சு மணி நேரம். மியூலூஸ்ல இறங்கினா பாசெலுக்கு அரை மணி நேரத்துல போற லோக்கல் அடிக்கடி இருக்கு. பாசெல்ல ஏறினா ஸ்விஸ் ரயில், அதுக்கப்புறம் சீட்டு கவலையே இல்லை.

மொத்தத்துல நேரம் கூடத்தான் ஆச்சு, ஆனா நாலு பேருக்கும் சேர்த்து ரிசர்வேஷனுக்கு ஒரு பைசா செலவில்லை. அந்த ரயில்ல சாப்பாடு எதுவும் விக்கலை. கார் து லெஸ்ட்ல இருந்து கொஞ்ச தூரம் நடந்தா லா ஷப்பேல், அங்க நம்ம ஈழத்து ஆளுங்க கடை வரிசையா இருக்கு, முதல் நாள் சாயந்திரமே போய் இடியாப்பமும் சம்பலும் கட்டி வாங்கி வச்சுக்கிட்டோம். ட்ருவா தாண்டினதும் ரெண்டு பக்கமும் கோதுமை வயல், வண்டில பாதி சீட்டு காலி, அம்மா எதிர் சீட்டுல காலை நீட்டி வச்சுக்கிட்டு பொட்டலத்தை மடியில வச்சு சாப்பிட்டாங்க. அந்த டூர்லயே அம்மா முட்டி வலின்னு ஒரு வார்த்தை சொல்லாத பயணம் அது ஒண்ணுதான்.

13 ஏப்ரல் 2025, ராத்திரி

ஒருத்தர் எழுதியிருக்கார், அப்ப எல்லாத்தையும் இப்படி லோக்கல்லயே போயிடலாமேன்னு. பிரான்ஸ்ல எல்லா ரூட்டுக்கும் இந்த வசதி கிடையாதுங்க. சில இடத்துல நாலு தடவை மாறணும், கடைசி வண்டியை விட்டா ராத்திரி நடுவழியில தங்கணும். வயசானவங்க இருந்தா ரெண்டு தடவைக்கு மேல மாறுற ரூட்டை தொடாதீங்க. ஆப்ல ரிசர்வேஷன் கட்டாயம் இல்லாத ரயில் மட்டும் காட்டுன்னு ஒரு ஃபில்டர் இருக்கு, அதை போட்டு பாருங்க, சமாளிக்கக்கூடிய ரூட்டான்னு அப்பவே தெரிஞ்சிரும்.

15 ஏப்ரல் 2025

தம்பி லிரியால மூணு சீட்டு கிடைச்சிருச்சுன்னு சொல்லிட்டார். சந்தோஷம். யூரெயில் சைட்லயே போட்டாராம். அங்க போட்டா ரிசர்வேஷன் காசுக்கு மேல ஆளுக்கு ஒரு ரயிலுக்கு 2 யூரோ சேர்த்து எடுப்பாங்க. டிஜிவி மாதிரி ரயிலுக்கு அந்த 2 யூரோவை பார்க்காதீங்க, சீட்டு முக்கியம். ஆஸ்திரியால ஓடுற ரயிலுக்கு ஆஸ்திரிய ரயில்வே சைட்லயே டிக்கெட் இல்லாம சீட்டு மட்டும் போடலாம், ஆளுக்கு 3 யூரோ. ஜெர்மன் ரயிலுக்கு ஜெர்மன் ரயில்வே சைட்ல அதே மாதிரி, 5.20 யூரோ.

ஜெர்மனில ரிசர்வேஷன் போடறது வீண் செலவு, ஏறி காலியா இருக்கற சீட்டுல உக்காந்துக்கலாம்.

16 ஏப்ரல் 2025

நேத்து கடைசி வரியை எழுதிட்டு தூங்க போனேன், மனசு ஒத்துக்கலை. அதை வாபஸ் வாங்கறேன். காலியா இருந்தா உக்காரலாம்ங்கறது நான் தனியா போயிருந்தா சரி.

நடந்தது இது. மியூனிக்ல இருந்து வடக்கே போற ஐசிஇ, அதான் ஜெர்மனியோட அதிவேக ரயில், வெள்ளிக்கிழமை சாயந்திரம். நாங்க ரிசர்வ் பண்ணலை. சீட்டுக்கு மேல சின்னதா ஒரு டிஸ்பிளே இருக்கும், அதுல எந்த ஊர்லேர்ந்து எந்த ஊர் வரைக்கும் புக் ஆயிருக்குன்னு ஓடும். எதுவும் எழுதலைன்னா காலி. அப்படி காலியா இருந்த நாலு சீட்டை பிடிச்சு பெட்டியை மேல ஏத்தி அம்மாவுக்கு தலைகாணி வச்சு எல்லாம் செட் பண்ணியாச்சு. நூரெம்பெர்க் வந்துச்சு. நாலு பசங்க பெரிய பையோட வந்து போனை நீட்டறாங்க, அந்த நாலு சீட்டும் அவங்களுது. வண்டி கிளம்பின பிறகும் அடுத்த ஸ்டேஷன்ல ஏறுறவங்க புக் பண்ணலாம்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். சில சீட்டுல அந்த டிஸ்பிளேல "ஒருவேளை ரிசர்வ் ஆகலாம்"ங்கற அர்த்தத்துல ஜெர்மன்ல எழுதியிருக்கும், அதுல உக்காந்தா எப்ப வேணா எழுந்திரிக்கணும்.

எழுந்துட்டோம். நானும் மனைவியும் கதவு பக்கம் பெட்டி மேல உக்காந்தோம், பொண்ணு என் மடியில. அம்மா சீட்டு ஓரத்து கைப்பிடியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. உக்காருங்கம்மா பெட்டி மேலன்னு சொன்னா உக்காந்தா எந்திரிக்க முடியாதுடான்னாங்க. பத்து நிமிஷம் இருக்கும், ஹெட்போன் போட்டுக்கிட்டிருந்த ஒரு பொண்ணு நிமிர்ந்து பார்த்துச்சு, உடனே எழுந்து அம்மா தோளை தொட்டு உக்கார சொல்லிட்டு அது கதவு பக்கம் வந்து தரையில உக்காந்துருச்சு. இறங்கற வரைக்கும் அப்படியே வந்துச்சு.

நாலு பேருக்கு குடும்ப ரிசர்வேஷன்னு ஒண்ணு இருக்கு, குழந்தையோட போற குடும்பம் அஞ்சு பேர் வரைக்கும் மொத்தமா 10.40 யூரோதான். அந்த காசை மிச்சம் பிடிக்கப் போய் அம்மாவை நிக்க வச்சேன். அதனால தம்பி, அப்பா அம்மாவோட போறவங்க கட்டாயம் இல்லாத இடத்துலயும் போட்ருங்க. குறிப்பா வெள்ளி சாயந்திரம், ஞாயித்துக்கிழமை.

20 ஏப்ரல் 2025

சீட்டு போட்டா மட்டும் போதாது, பெட்டியை கண்டுபிடிக்கணும். பிளாட்பாரத்துல ஏ, பி, சின்னு எழுத்து போர்டு தொங்கும், உங்க கோச் எந்த எழுத்துக்கு நேரா நிக்கும்னு ஸ்கிரீன்ல காட்டும். நம்ம ஊர் கோச் பொசிஷன் டிஸ்பிளே மாதிரிதான், ஆனா வண்டி சில சமயம் தலைகீழா வரும், கடைசி நிமிஷத்துல அறிவிப்பு வரும், ஜனம் மொத்தமும் எதிர்பக்கம் ஓடும். ரெண்டு செட் வண்டியை ஒண்ணா கோத்து ஓட்டறதும் உண்டு, டிஜிவிலயும் ஐசிஇலயும். அந்த ரெண்டுக்கும் நடுவுல உள்ள போக வழி கிடையாது. தப்பான செட்டுல ஏறிட்டா அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி ஓடித்தான் மாறணும். சிலது நடுவழியில பிரிஞ்சு வேற வேற ஊருக்கு போயிடும், அதனால கோச் நம்பரோட கதவு பக்கத்துல எழுதியிருக்கற ஊர் பேரையும் பாருங்க.

அதனால வண்டி வர்றதுக்கு பத்து நிமிஷம் முன்னாடியே அந்த எழுத்துக்கு கீழ போய் நின்னுக்கோங்க, அப்பாவை முன்னாடி ஏத்துங்க, பெட்டியெல்லாம் அப்புறம்.

27 ஏப்ரல் 2025

நைட் ட்ரெயின் பத்தி கேட்டிருந்தீங்க. வியன்னா வெனிஸ் நைட்ஜெட், ஆஸ்திரிய ரயில்வேது. பாஸ் இருந்தாலும் படுக்கைக்கு தனி காசு, கட்டாயம். உக்காந்து போற சீட்டு, கூஷெட், ஸ்லீப்பர்னு (நம்ம ஊர் ஸ்லீப்பர் கிளாஸ் இல்லை, சின்ன ரூம்ல கட்டில்) மூணு விதம். உக்கார்ற சீட்டு விலை கம்மியா இருக்குன்னு அதை எடுத்துடாதீங்க, அப்பாவுக்கு ஆகாது. கூஷெட் நம்ம த்ரீ டயர் மாதிரி, ஒரு ரூம்ல நாலு இல்ல ஆறு பேர், ஷீட் தலைகாணி போர்வை குடுப்பாங்க, காலையில காபியோ டீயோ ரெண்டு பன்னோட வந்துரும். கதவை உள்ள இருந்து பூட்டிக்கலாம். லோயர் பெர்த் வேணும்னு புக் பண்றப்பவே பாருங்க, ஏணி ஏறணும்.

நாள் கணக்கு எப்படின்னா, ராத்திரி 12க்கு முன்னாடி கிளம்பற ரயில்னா கிளம்பற நாள் மட்டும்தான் பாஸ்ல கழியும். காலையில வெனிஸ்ல இறங்கினப்புறம் அன்னிக்கே வேற ரயில் ஏறினாத்தான் இன்னொரு நாள் போகும். வெனிஸ்ல ஒரு ராத்திரி தங்குங்க.

உங்க கணக்கை போட்டு பார்த்தேன். பாரிஸ் சூரிச் ஒண்ணு, சூரிச் இன்ஸ்ப்ரூக் ரெண்டு, இன்ஸ்ப்ரூக் வியன்னா மூணு, நைட் ட்ரெயின் நாலு, வெனிஸ் ரோம் அஞ்சு. 7 நாள் பாஸ்ல 2 நாள் மிச்சம் இருக்கு. ஒரு நாள் சூரிச்ல இருந்து லூசெர்ன் போயிட்டு வாங்க, எந்த ரிசர்வேஷனும் வேண்டாம், ஒரே நாள்ல எத்தனை ரயில் வேணா ஏறலாம். இன்னொரு நாளை ரோம் போனப்புறம் ஃபுளோரன்ஸுக்கு வச்சுக்கோங்க. அதுல ஃப்ரெச்சியாரோஸ்ஸான்னா ஒன்றரை மணி நேரம், ஆளுக்கு 13 யூரோ, போக வர மூணு பேருக்கு 78 யூரோ ஆயிடும். ரெஜியோனாலேன்னு சாதா ரயில்ல ரிசர்வேஷன் கிடையாது, ஆனா மூன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகும், ஒரே நாள்ல போயிட்டு வர அது சரிப்படாது. காலையில வேகமா போற வண்டியை எடுத்துட்டு திரும்பி வர்றப்ப ஆற அமர வர்றதுன்னா 39 யூரோவோட போச்சு.

28 ஏப்ரல் 2025

குழந்தைங்க பாஸ் பத்தி ஒருத்தங்க கேட்டாங்க. 4ல இருந்து 11 வயசு வரைக்கும் பாஸ் இலவசம், ஒரு பெரியவருக்கு ரெண்டு குழந்தை வரைக்கும். ஆனா பாஸ்தான் இலவசம், சீட்டு இலவசம் இல்லை. என் பொண்ணுக்கும் ஃப்ரெச்சியாரோஸ்ஸால 13 யூரோ முழுசா கட்டினேன். பட்ஜெட் போடறப்ப இதை நான் மறந்துட்டேன், நீங்க மறக்காதீங்க. 60 வயசுக்கு மேலன்னா பாஸ் விலையில 10 சதவீதம் குறையும், தம்பி அப்பாவுக்கு அப்படித்தான் வாங்கியிருக்கார்னு நம்பறேன்.

ஜெர்மனில வேலை பார்க்கற ஒரு நண்பர் யூரெயில் வாங்கலாமான்னு கேட்டார். உங்களுக்கு யூரெயில் கிடையாதுங்க, இன்டர்ரெயில், அதே மாதிரி பாஸ்தான், ஐரோப்பாவுல குடியிருக்கறவங்களுக்கு. பாஸ்போர்ட் எந்த நாடுங்கறது கணக்கில்லை, குடியிருக்கறது எங்கேங்கறதுதான் கணக்கு. இன்டர்ரெயில்ல சொந்த நாட்டுக்குள்ள ரெண்டு நாள்தான் ஓடும், வெளிய போக ஒண்ணு, திரும்பி வர ஒண்ணு. ரிசர்வேஷன் கதை ரெண்டுலயும் ஒண்ணேதான்.

4 மே 2025

ஸ்பெயின். மூணு பேர் கேட்டுட்டீங்க, சுருக்கமா சொல்றேன். தூரமா போற ரயில் ஏறக்குறைய எல்லாத்துக்கும் ரிசர்வேஷன் கட்டாயம். பார்சிலோனா மேட்ரிட் 621 கிலோமீட்டர், ஆவேல ரெண்டரை மணி நேரம். அதே தண்டவாளத்துல வீகோ, இரியோன்னு வேற கம்பெனி வண்டியும் ஓடுது, அதுல பாஸ் செல்லாது. வீகோ பிரான்ஸ்லயும் ஓடும், அங்கயும் பாஸ் செல்லாது. ஸ்பெயின்ல ஏறுறதுக்கு முன்னாடி பையை ஸ்கேன் பண்ணுவாங்க, அதனால சீக்கிரம் போங்க. ஸ்பெயின் மட்டும்தான் சுத்தப் போறேன்னா பாஸே வாங்காதீங்க, முன்கூட்டி டிக்கெட் போட்டா அதைவிட கம்மியா முடியும்னு என் எண்ணம்.

லண்டன் பாரிஸ் யூரோஸ்டார் பாஸ்ல உண்டு, ஆனா சீட்டுக்கு தலைக்கு 30 யூரோவுக்கு மேல போகும், பாஸ் கோட்டாவும் சீக்கிரம் தீர்ந்துரும்.

11 மே 2025

ஸ்விட்சர்லாந்துல மலை பார்க்கன்னே ஓடற கிளேசியர் எக்ஸ்பிரஸ், பெர்னினா எக்ஸ்பிரஸ் ரெண்டுக்கும் ரிசர்வேஷன் கட்டாயம், விலையும் ஜாஸ்தி. ஆனா அதே தண்டவாளத்துல சாதா ரயிலும் ஓடுது, அதே மலை, அதே பாலம். பெர்னினா லைன்ல செயின்ட் மோரிட்ஸ்ல இருந்து திரானோ வரைக்கும் சாதா ரயில்லதான் போனோம். சாதா ரயில்ல ஜன்னலை இறக்கி விடலாம், பெரிய கண்ணாடி வச்ச வண்டில அது முடியாது. அல்ப் க்ரூம் ஸ்டேஷன் பக்கத்துல என் பொண்ணு ஜன்னல் வழியா கையை நீட்டி குளிரை பிடிச்சு பார்த்தா. ரிசர்வேஷன் காசு குடுக்காம சாதா ரயில்ல போனதுக்கு நான் ஒரு நாளும் வருத்தப்படலை.

2 ஜூன் 2025

தம்பி நாளைக்கு ஃப்ளைட். கடைசியா சிலது.

ஒவ்வொரு ரயிலையும் ஏறுறதுக்கு முன்னாடியே ஆப்ல பாஸோட சேர்க்கணும், டிடிஇ வந்தப்புறம் சேர்க்கக்கூடாது. மூணு நாளைக்கு ஒரு தடவையாவது போன் நெட்ல இருக்கணும், இல்லன்னா பாஸ் முடங்கிடும். ரிசர்வேஷனை போன்லயும் வச்சுக்கோங்க, பேப்பர்லயும் எடுத்துக்கோங்க, அப்பா சட்டைப்பையில ஒரு காப்பி இருக்கட்டும்.

சூரிச் இன்ஸ்ப்ரூக் ரயில்ல 3 யூரோ குடுத்து சீட்டு போட்டாச்சுன்னு சொன்னீங்க. வண்டி போற திசைக்கு இடது பக்கம் வர்ற மாதிரி பாருங்க. கிளம்பினதும் சூரிச் ஏரி, அப்புறம் வாலென்ஸே ஏரி, ரெண்டும் இடது பக்கம்தான். தண்ணிக்கு அந்தப்பக்கம் செங்குத்தா மலை நிக்கும்.

17 ஜூன் 2025

ஒரு திருத்தம். ஏப்ரல் 16ல எழுதின ஜெர்மன் குடும்ப ரிசர்வேஷன் இப்ப இல்லை. ஜூன் 15ல இருந்து அதை எடுத்துட்டாங்க, தனி சீட்டும் 5.20ல இருந்து 5.50 ஆயிருச்சு. நாலு பேர் குடும்பத்துக்கு 10.40 இருந்தது இப்ப 22 யூரோ. எனக்கு இது நியாயமா படலை, குழந்தையை கூட்டிட்டு போறவங்கதான் தள்ளி தள்ளி உக்கார முடியாதவங்க. இருந்தாலும் வயசானவங்க இருந்தா போட்ருங்கன்னுதான் சொல்வேன்.

6 ஜூலை 2025

தம்பி ஊர் வந்து சேர்ந்துட்டார். ஒரு ரயில்லயும் அப்பா நிக்கலையாம். வாலென்ஸே வந்தப்ப அப்பா போனை எடுக்காம, பேசாம பார்த்துக்கிட்டே வந்தாராம், ஏரி முடிஞ்சதும் இது பேரு என்னடான்னு கேட்டு டைரில எழுதி வச்சுக்கிட்டாராம்.

ஆனா என்மேல ஒரு புகார், நியாயமான புகார். புக்ஸ்னு ஒரு ஸ்டேஷன்ல வண்டி திசை மாறும், வந்த பக்கமே திரும்பி போகற மாதிரி கிளம்பும். அதை நான் சொல்லலை. சூரிச்ல முன்னோக்கி பார்த்து உக்காந்திருந்தவங்க அங்கேர்ந்து இன்ஸ்ப்ரூக் வரைக்கும் பின்னோக்கி போகணும். தம்பியோட அம்மாவுக்கு தலை சுத்தி, லிச்சென்ஸ்டைன் நாட்டை வண்டி தாண்டினதையே அவங்க கவனிக்கலையாம். சூரிச் புக்ஸ் ஒரு மணி நேரம் சொச்சம், மிச்சம் ரெண்டு மணி நேரத்துக்கு மேல. அதனால இனி போறவங்க சூரிச்ல ஏறுறப்ப பின்னோக்கி இருக்கற சீட்டா எடுங்க, புக்ஸ் தாண்டினா அது முன்னோக்கி ஆயிடும். ஏரி பக்கம் அதேதான், வண்டி கிளம்பற திசைக்கு இடது. பின்னோக்கி உக்காந்திருக்கறவங்களுக்கு அது வலது கை பக்கம் வரும், ஜூன் 2ல எழுதினதை இப்படி மாத்தி படிச்சுக்கோங்க.